மாட வீதியில் நிற்கும் ஒட்டுப் பொம்மைகள்

கேள்வி: மயிலாப்பூர் வடக்கு மாட வீதியை, மாலையில் மேற்குப் பார்த்துப் போனில் எடுத்த படத்தை வைத்து வாட்டர்கலரில் வரைகிறேன். கட்டடங்கள் சரியாக வருகின்றன. மனிதர்கள் மட்டும் வெட்டி ஒட்டிய பொம்மைகள் மாதிரி இருக்கிறார்கள். தெருவின் பரபரப்பே இல்லை. எப்படிச் சரிசெய்வது?

பதில்: முதலில் தலைகளைப் பாருங்கள். சமதளமான தெருவில் நின்று பார்த்தால், நம் உயரமுள்ள எல்லோருடைய தலையும் கிட்டே இருந்தாலும் எட்ட இருந்தாலும் நம் கண்மட்டத்திலேயே வரும். பாதங்கள்தான் ஏறி இறங்கும். எட்ட இருப்பவரின் தலையையும் கீழே இறக்கினால் அவர் பள்ளத்தில் நிற்பதுபோல் ஆகிவிடும். உடம்பின் உயரம் ஏழு, எட்டுத் தலை. 4 செ.மீ. உருவத்துக்கு அரை செ.மீ. தலை போதும். அது ஒரு செ.மீ. ஆனால் பொம்மைதான்.

ஆனால் பரபரப்பு தொலைவதற்கு முக்கியக் காரணம், ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கோடு போட்டு நிரப்புவது. மாலை வெயில் எதிரே இருக்கும்போது கூட்டம் ஒரே நிழலாகத்தான் தெரியும், அதையே வரையுங்கள். மெல்லிய யெல்லோ ஆக்கரை (மண் மஞ்சள்) முதலில் பூசுங்கள், தலைக்கும் தோளுக்கும் பேப்பரின் வெள்ளையை அப்படியே விட்டு. நன்றாகக் காய்ந்ததும் அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்து, 10-ஆம் எண் பிரஷ்ஷால் தார்ப்பாய் நிழலில் தொடங்கி, பூக்காரம்மா, கூடை, நடப்பவரின் சேலை, தரையில் நம்மை நோக்கி விழும் நிழல் என்று பிரஷ்ஷை எடுக்காமல் இறக்குங்கள். ஈரம் இருக்கும்போதே சேலையில் கொஞ்சம் சிவப்பைத் தொடுங்கள். அது பக்கத்துக்குக் கசியும். கசியட்டும், அங்கேதான் அசைவு பிறக்கிறது. முகம், விரல் எதுவும் வேண்டாம். நடப்பவருக்கு ஒரு காலைச் சற்றுக் குட்டையாக விட்டால் போதும்.

போன் படம் நிழலைக் கறுப்பாக்கிவிடும். நேரில் அங்கே வானத்தின் நீலம் கலந்திருக்கும், அதனால் படத்தைவிட ஒரு படி வெளிறலாகவே பூசுங்கள்.

பாதி காய்ந்த இடத்தைத் திரும்பத் தேய்த்தால் சேறாகும். பேப்பரைவிட பிரஷ்ஷில் தண்ணீர் அதிகமானால் காலிஃபிளவர் மாதிரிக் கறை பூக்கும். மெல்லிய பேப்பர் நெளிந்து குழியில் வண்ணம் தேங்கும்; 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்திப் பேப்பர் வாங்குங்கள், இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மே மாத வெயிலில் நிழலை முடிப்பதற்குள் காய்ந்துவிடும் என்பதால், வேண்டிய வண்ணம் முழுவதையும் முன்பே கரைத்து வையுங்கள்.

ஆட்டோவின் மஞ்சளைக் கடைசியில், ஒரே இடத்தில், கெட்டியாக வையுங்கள்.