பற்சக்கரத்தில் பிடிபட்ட ஒளி: சில கேள்விகள், பதில்கள்

1849-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஹிப்போலைட் ஃபிஸோ, சுழலும் பற்சக்கரம் ஒன்றை வைத்து ஒளியின் வேகத்தை அளந்தார். கோள்களையும் விண்மீன்களையும் நம்பாமல், தரையிலேயே நின்று இந்த எண்ணைக் கண்டுபிடித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சோதனை பற்றி வந்த கேள்விகளில் ஏழை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சூத்திரம் மனப்பாடமாகத் தெரியும். ஆனால், சுற்றுகிற ஒரு சக்கரத்தால் ஒளியின் வேகத்தை எப்படி அளக்க முடிகிறது என்பதுதான் பிடிபடவில்லை.

பதில்: சக்கரத்தின் விளிம்பில் 720 பற்கள். அவற்றுக்கு நடுவே அதே அகலத்தில் 720 இடைவெளிகள். ஓர் இடைவெளி வழியே வெளியேறும் ஒளி, 8,633 மீட்டர் தள்ளியிருக்கும் கண்ணாடியில் பட்டு அதே வழியில் திரும்புகிறது. சக்கரம் மெதுவாகச் சுற்றினால், அந்த இடைவெளி நகர்வதற்குள் ஒளி திரும்பி வந்து நம் கண்ணை எட்டிவிடும். வேகத்தைக் கூட்டக் கூட்ட, திரும்பும் ஒளியில் கொஞ்சம் கொஞ்சமாக அடுத்த பல்லில் மோதத் தொடங்கும். இடைவெளி இருந்த இடத்துக்குப் பல் வந்து சேரும் நேரமும், ஒளி போய்த் திரும்பும் நேரமும் சமமாகும்போது எதுவுமே தெரியாது. ஃபிஸோவுக்கு இந்த முதல் மறைவு, விநாடிக்குச் சுமார் 12.6 சுற்றில் கிடைத்தது.

இதில் கடிகாரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சக்கரமேதான் கடிகாரம்! ஒரு சுற்றுக்கு பல்லும் இடைவெளியுமாக 1,440 படிகள். விநாடிக்கு 12.6 சுற்று என்றால் 18,144 படிகள். ஒரு படிக்கு ஆகும் நேரம் சுமார் 55 மைக்ரோவிநாடி. இத்தனை சிறிய நேரத்தை யாரும் எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. சக்கரத்தின் சுற்றுகளை எண்ணிக்கொண்டு, தூரத்து ஒளிப்புள்ளி எப்போது மறைகிறது என்று கவனித்தால் போதும். இந்தச் சோதனையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

கேள்வி: போய்வரும் தூரம் 17,266 மீட்டர். அதை 720-ஆலும் 12.6-ஆலும் பெருக்கினால் விநாடிக்கு 1,56,637 கிலோமீட்டர்தான் வருகிறது. சரியான விடையில் கிட்டத்தட்ட பாதி. எங்கே தவறு?

பதில்: பெருக்கல் சரி, படி தவறு. 720-ஆல் பெருக்கும்போது, ஒரு பல்லும் ஓர் இடைவெளியும் சேர்ந்து முழுதாக நகர்ந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறீர்கள். அவ்வளவு நகர்ந்தால் அடுத்த இடைவெளியே வந்துவிடும். ஒளி மறுபடி தெரியும். மறைவதற்கு அதில் பாதி நகர்ந்தால் போதும். ஆகவே 720 இருக்கும் இடத்தில் 1,440 வர வேண்டும். அப்போது 3,13,274 கிலோமீட்டர் கிடைக்கும்.

சந்தேகம் தீரவில்லையென்றால், இரண்டு அட்டைத் துண்டுகளில் ஒரு சென்டிமீட்டர் பல், ஒரு சென்டிமீட்டர் இடைவெளி என்று வெட்டி, ஒன்றன் மேல் ஒன்றை வைத்து நகர்த்திப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் நகர்ந்ததும் எல்லாம் மூடிக்கொள்ளும், இரண்டாவது சென்டிமீட்டரில் எல்லாம் திறக்கும். சக்கரத்திலும் இதே கதைதான்: 12.6 சுற்றில் மறைவு, 25.2-இல் முழு வெளிச்சம், 37.8-இல் மறுபடி மறைவு.

கேள்வி: ஃபிஸோவின் விடை சில புத்தகங்களில் 3,13,000 என்றும் சிலவற்றில் 3,15,000 என்றும் இருக்கிறதே?

பதில்: 12.6 என்பது தோராயமான எண். அதை வைத்துக் கணக்குப் போட்டால் 3,13,000 வரும். ஃபிஸோ வெளியிட்டது 28 அளவீடுகளின் சராசரி; அதையும் அவர் லீக் என்ற பழைய நீள அளவில், விநாடிக்கு 70,948 என்று கொடுத்தார். பூமியின் ஒரு பாகை தூரத்துக்கு 25 லீக், அதாவது ஒரு லீக் சுமார் 4.44 கிலோமீட்டர். பெருக்கினால் 3,15,000-ஐ ஒட்டி வரும்.

கேள்வி: எட்டரை கிலோமீட்டர் போன ஒளி, கிளம்பிய அதே இடைவெளிக்கு எப்படித் துல்லியமாகத் திரும்பியது? கண்ணாடி கொஞ்சம் சாய்ந்திருந்தால்கூட எங்கோ போயிருக்குமே?

பதில்: அருமையான கேள்வி. பாடப்புத்தகப் படங்களில் காணாமல் போவது இந்த விஷயம்தான். வெறும் தட்டையான கண்ணாடியாக இருந்து, அது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு சாய்ந்திருந்தால்கூட, திரும்பும் ஒளி சுமார் 5 மீட்டர் தள்ளிப் போய் விழும். ஒரு பாகை முழுதாகச் சாய்ந்தால் 300 மீட்டர்!

ஃபிஸோ இரண்டு தொலைநோக்கிகளை எதிரெதிரே வைத்தார். ஒன்று பாரிஸுக்கு மேற்கே சுரேனில் இருந்த வீட்டில், இன்னொன்று மோன்மார்த்ர் குன்றில். மோன்மார்த்ரில் கண்ணாடியைத் தனியாக நிறுத்தாமல், தொலைநோக்கி லென்ஸின் குவியத்தில் வைத்தார். உள்ளே வரும் இணைகதிர்கள் குவியத்தில் ஒரு புள்ளியாகச் சேர்ந்து, கண்ணாடியில் பட்டு, மறுபடி லென்ஸ் வழியே வந்த திசையிலேயே வெளியேறும். கருவி லேசாகத் திரும்பியிருந்தாலும் திசை மாறாது. இருட்டில் வெளிச்சம் பட்டால் பூனையின் கண் மின்னுவதும் இதே முறையில்தான்.

சுரேன் பக்கத்திலும் ஒரு நுட்பம் உண்டு. ஒளி ஒரு சின்னப் புள்ளியாகக் குவியும் இடத்தில்தான் பற்கள் ஓடின. இல்லாவிட்டால் அவ்வளவு குறுகிய பல்லால் அந்தக் கற்றையை முழுதாக மறைக்க முடியாது. கண்ணுக்கும் சக்கரத்துக்கும் நடுவே, பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும் கண்ணாடித் தகடு ஒன்று சாய்வாக இருந்தது. விளக்கின் ஒளி அதில் பட்டு வெளியே போகும். திரும்பி வருவது அதை ஊடுருவிக் கண்ணுக்கு வரும்.

கேள்வி: இவ்வளவு நுட்பம் இருந்தும் விடை ஏன் 5 சதவீதம் அதிகம்?

பதில்: இன்று நாம் அறிந்த வேகத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால், முதல் மறைவு 12.05 சுற்றுக்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். 12.05-க்கும் 12.6-க்கும் உள்ள வித்தியாசம்தான் மொத்தப் பிழையும்.

சிக்கல் கண்ணில் இருக்கிறது. விநாடிக்கு ஒன்பதாயிரம் தடவை மின்னும் ஒளி நமக்கு நிலையான புள்ளியாகத்தான் தெரியும். அது பட்டென்று அணையாது, மங்கிக்கொண்டே போகும். உண்மையான மறைவுக்குச் சற்று முன்பே கண்ணுக்குத் தெரியாமல் போய், தாண்டிய பிறகும் கொஞ்ச நேரம் தெரியாமல் இருக்கும். போதாததற்கு, சக்கரத்தின் பற்களிலேயே பட்டுச் சிதறும் விளக்கொளி பின்னணியை வெளிறச் செய்யும். இந்த அகலமான இருட்டில் எது நடு என்று சொல்வது உண்மையிலேயே கஷ்டம்.

1870-களில் ஆல்ஃபிரட் கோர்னு என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் இதற்கு நல்ல வழி கண்டார். பாரிஸ் வானாய்வகத்திலிருந்து மோன்லேரி வரை சுமார் 23 கிலோமீட்டர் தூரம் எடுத்துக்கொண்டார். சக்கரத்தை ஒரே வேகத்தில் பிடித்து வைக்கப் போராடாமல், வேகம் மாறிக்கொண்டிருக்கும்போதே ஒளி மறையும் கணத்தையும் மீண்டும் தெரியும் கணத்தையும் தனித்தனியே பதிவு செய்தார். முதல் மறைவோடு நிற்காமல் பல மறைவுகளைத் தாண்டியும் போனார். பிழை ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

கேள்வி: பத்து மீட்டர் நீளமுள்ள அறைக்குள் இதைச் செய்து பார்க்கலாமா?

பதில்: 720 பல் சக்கரத்தை வைத்துக்கொண்டு முடியாது. அந்தத் தூரத்துக்கு விநாடிக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் வேண்டும். இன்னொரு பிரெஞ்சு இயற்பியலாளரான லெயோன் ஃபூக்கோ 1862-இல் பல்லை விட்டுவிட்டுச் சுழலும் கண்ணாடிக்கு மாறி, சுமார் 20 மீட்டர் பாதையை வைத்தே 2,98,000 என்ற விடையைப் பெற்றார். ஒளி போய் வருவதற்குள் கண்ணாடி லேசாகத் திரும்பிவிடும். பிம்பம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நகரும். அந்த நகர்வை வைத்துத்தான் அவர் வேகத்தைக் கணக்கிட்டார்.

கேள்வி: 1983 முதல் ஒளியின் வேகம் விநாடிக்கு 29,97,92,458 மீட்டர் என்று வரையறுத்துவிட்டார்களே. இனி இதை அளப்பதில் அர்த்தம் உண்டா?

பதில்: அளக்கலாம், ஆனால் கிடைக்கும் விடை வேறொன்றின் அளவாகிவிடும். இப்போது மீட்டர் என்பதே ஒளியிலிருந்துதான் வருகிறது: வெற்றிடத்தில் ஒளி ஒரு விநாடியின் 29,97,92,458-இல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தூரம். அதனால் இன்று ஒருவர் சுரேனில் அதே சக்கரத்தைச் சுற்றவிட்டு, மறைவு எத்தனை சுற்றில் வருகிறது என்று நன்றாகக் குறித்து, காற்றில் ஒளி சற்றே மெதுவாகப் போவதற்கான திருத்தமும் செய்தால், அவருக்குக் கிடைப்பது சுரேனுக்கும் மோன்மார்த்ருக்கும் இடையே உள்ள தூரம்.