வாரத்தில் ஒரே நாள்: மெத்தோட்ரெக்சேட் மாத்திரையும் அம்மாவின் பயமும்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 54. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் 15 மி.கி. வாரம் ஒருமுறை எழுதிக்கொடுத்தார்கள். இது புற்றுநோய் மாத்திரை என்று மருந்துக்கடையில் சொன்னதிலிருந்து பயப்படுகிறார். ஐந்து வாரமாகியும் வலி குறையவில்லை. தினமும் போட்டால் சீக்கிரம் கேட்குமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தினமும் போடவே கூடாது. இந்த மருந்தால் நேரும் பெரிய விபரீதங்கள் பல, வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டியதைத் தினமும் போடுவதால் வருபவை. எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உற்பத்தியாவது குறைந்து, வாயெல்லாம் புண்ணாகி, உயிருக்கே ஆபத்தாகலாம். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் இருக்கும் டப்பாவில் இதையும் போட்டு வைத்தால் இந்தத் தவறு சுலபமாக நடந்துவிடும். தனியாக வையுங்கள். செவ்வாயோ வெள்ளியோ, ஒரு கிழமையை முடிவு செய்து அட்டையிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். மறந்துபோனால், இரண்டு நாளுக்குள் நினைவு வந்தால் போடலாம். அதற்கு மேல் என்றால் அந்த வாரத்தை விட்டுவிட வேண்டும். ஈடுகட்ட இரண்டு வேளை அளவைச் சேர்த்துப் போடக் கூடாது.

புற்றுநோய்க்கும் இதே மருந்து உண்டு என்பது உண்மைதான். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் குழுதான் அமெரிக்காவில் இதை உருவாக்கியது. ஆனால் புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவு பல மடங்கு அதிகமாக இருக்கும். மூட்டுக்கு வாரம் 7.5 முதல் 25 மி.கி. வரைதான். முடக்குவாதத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. அந்தத் தாக்குதலை இது அடக்கி, மூட்டு கோணாமல் காக்கிறது. வலி மாத்திரையால் அது முடியாது. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் பிடிக்கும் என்பதால், ஐந்தாவது வாரத்தில் மனம் தளர வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் எழுதியிருப்பார்கள். குமட்டலையும் வாய்ப்புண்ணையும் குறைப்பது அதுதான். மெத்தோட்ரெக்சேட் போடும் நாளில் அது வேண்டாம், மற்ற நாளில் போடட்டும். ரத்த அணுக்கள், கல்லீரல், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பரிசோதனைகளை ஆரம்பத்தில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று இதைத் தள்ளிப்போடுவதுதான் எனக்குக் கவலை தருகிறது. ஈரல் கெட ஆரம்பிப்பது வெளியே தெரியாது.

அப்புறம், சிறுநீர்த் தொற்று என்று கடையில் கேட்டு கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை வாங்கிப் போட்டுவிடாதீர்கள். மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்ந்தால் மிக ஆபத்தானது. எந்த டாக்டரிடம் போனாலும் இந்த மாத்திரை போடுவதை முதலில் சொல்லுங்கள். கருத்தரிக்க வாய்ப்புள்ள வயதுப் பெண்களுக்கு இது சிசுவைப் பாதிக்கும் என்பதால் கண்டிப்பாகக் கருத்தடை வேண்டும்.

காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சு வாங்குதல், ஆறாத வாய்ப்புண், காரணமில்லாமல் தோலில் ரத்தக்கட்டு: இதில் எது வந்தாலும் அந்த வார மாத்திரையைப் போடாமல், அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.