செடி வாங்கினேன், பூக்கவில்லை

தாழ்வாரத்தில் வைக்க 18 வெள்ளிக்கு இட்லிப்பூச் செடி வாங்கினேன். “நிழலிலும் பூக்கும்” என்றார் கடைக்காரர். மூன்று மாதமாகப் பூவே இல்லை. (ஈசூன் வாசகி)

இந்த ‘நிழலிலும் பூக்கும்’ பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இட்லிப்பூவுக்கு நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். உங்கள் தாழ்வாரம் எந்தப் பக்கம் பார்க்கிறது? வடக்கு என்றால், டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்தபின் வெளிச்சம் இருக்கும், வெயில் இருக்காது. கடையில் திறந்தவெளியில் நின்று மொட்டு விட்ட செடி அது. நாமோ மொட்டைப் பார்த்து மயங்கிப் பணத்தை நீட்டுகிறோம். நானும் அப்படித்தான், மொட்டு நிறைந்த கார்டினியாவைத் தூக்கிவந்தேன். ஐந்தாம் நாள் அத்தனை மொட்டும் பச்சையாகவே தரையில். துடைப்பத்தால்தான் அள்ளினேன். இனி வாங்குமுன் ஒருநாள் காலை 9, நண்பகல் 12, பிற்பகல் 3 மணிக்கு வைக்கும் இடத்தில் வெயில் விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லையா, பூவை மறந்துவிட்டு, நிழலிலும் வளரும் இலைச்செடியான டிரசீனா வாங்குங்கள்.

தினம் இருவேளை தண்ணீர் ஊற்றியும் கறிவேப்பிலை வாடுகிறது. தட்டில் எப்போதும் தண்ணீர் நிற்கிறது. இது மூன்றாவது செடி. வேறு கடையில் வாங்கலாமா? (பிடோக் வாசகர்)

வேண்டாம். முதலில் தட்டைக் கவிழுங்கள். வேர் அழுகுகிறது, கொசு பெருகுகிறது. அபராதம் வந்தால் அதற்கும் கடைக்காரரைத் திட்டாதீர்கள்.

தரைவீட்டுச் சுவரோரம் வைத்த இட்லிப்பூவில் புது இலைகள் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. எப்சம் உப்பு போட்டும் பயனில்லை. (செங்காங்)

எப்சம் உப்பில் இருப்பது மெக்னீசியம். உங்கள் செடிக்குக் குறைவது இரும்பாக இருக்கும். இட்லிப்பூ அமில மண்ணை விரும்பும். சிமெண்டுச் சுவரின் சுண்ணாம்பு கசிந்தால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. சுண்ணாம்பு மண்ணிலும் வேர் எடுக்கக்கூடிய ‘கீலேட் இரும்பு’ உரம் கேட்டு வாங்குங்கள். சுவரைவிட்டுத் தள்ளி நடுங்கள்.

இணையத்தில் ‘நீல இட்லிப்பூ’ பத்துச் செடிக்கு 160 வெள்ளி கட்டினேன். வந்தவை வேரில்லாக் குச்சிகள். விற்றவர் பதில் தருவதில்லை. மகன் கேலி செய்கிறான். (உட்லண்ட்ஸ், வயது 68)

ஐயா, தப்பு உங்களுடையது அல்ல. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், இளஞ்சிவப்பு, வெள்ளை உண்டு. நீல இட்லிப்பூ கிடையாது. குச்சிகளை வீசிவிடாமல் படம் எடுங்கள். விளம்பரம், பணம் கட்டிய ரசீது, அனுப்பிய செய்திகள் எல்லாம் சேரட்டும். பயனீட்டாளர் சங்கத்திடம் சொல்லுங்கள். விற்றவரின் பெயர், முகவரி தெரிந்தால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்கே போகலாம்: இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் வேண்டாம், உங்கள் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். அப்புறம் மகனிடம் சொல்லுங்கள், இந்தப் பகுதியை எழுதுகிறவரே நீல ரோஜா விதை இரண்டு பொட்டலம் வாங்கினார், முளைத்தது குப்பைமேனி என்று.