பாம் ஷெல்டரில் எத்தனை மூட்டை அரிசி அடுக்கலாம்?

சிங்கப்பூரில் ஈசூனில் நான்கறை வீடு, வீட்டில் ஐந்து பேர், மாமியாருக்கு நீரிழிவு. அவசரத்துக்கு எவ்வளவு அரிசி வாங்கி வைப்பது, எல்லாவற்றையும் பாம் ஷெல்டரில் (வீட்டுக்குள்ளேயே தடித்த சுவரோடு கட்டியிருக்கும் பாதுகாப்பு அறை) அடுக்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி.

அரிசி இருக்கட்டும், முதலில் மாமியாரின் மாத்திரைப் பையைத் திறந்து பாருங்கள். பலதுறை மருந்தகத்தில் அடுத்த சந்திப்புக்குள் மாத்திரை தீர்ந்துவிடும் போலிருந்தால் இப்போதே கேட்டு வாங்குங்கள், மருந்துச் சீட்டைப் படம் எடுத்துக் கைப்பேசியில் வையுங்கள். அரிசி தீர்ந்தால் பக்கத்து வீட்டில் ஒரு படி வாங்கலாம், மாத்திரையை அப்படி வாங்க முடியுமா?

சரி, அரிசி. ஐந்து பேர் தினம் ஒரு வேளை சோறு சாப்பிட்டால் ஐந்து கிலோ பை பத்துப் பன்னிரண்டு நாள் வரும். பிரித்த பை ஒன்று, பிரிக்காதது ஒன்று, அவ்வளவுதான். பிரிக்காததைப் பிரிக்கும் அன்றே அடுத்ததை வாங்குங்கள். 2020 பிப்ரவரி 7 அன்று கொரோனாவால் கிருமிப்பரவல் எச்சரிக்கை ஆரஞ்சு நிலைக்குப் போனதும் பேரங்காடிகளில் அரிசி, மீ (நூடுல்ஸ்), கழிவறைத்தாள் எல்லாம் காலியானது நினைவிருக்கும் (தண்ணீர் பயன்படுத்துகிற நம்மவர்களும் தாளுக்கு வரிசையில் நின்றார்கள்!), ஆனால் அலமாரிகள் சில நாளிலேயே நிரம்பிவிட்டன. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடுத்தபோதும் சிங்கப்பூருக்குத் தனி அனுமதி கிடைத்தது. இங்கே அரிசி இறக்குமதி செய்பவர்கள் கையிருப்பு வைத்தே ஆகவேண்டும் என்று விதியும் இருக்கிறது. பத்து மூட்டை வாங்கினால் நம் ஊர்ப் புழுக்கத்தில் வண்டுதான் கொழுக்கும்.

பலர் யோசிக்காதது, அடுப்பு எரியாவிட்டால் என்ன சாப்பிடுவது என்பது. துவரம்பருப்பு மூட்டையாக இருந்தும் பயனில்லை, அது வேகவே அரை மணி நேரம் ஆகும். அவல் வையுங்கள், தண்ணீரில் நனைத்தாலே போதும். வேர்க்கடலை, பிஸ்கட், சார்டின் டின்னும் அப்படித்தான், ஆனால் மாமியாருக்கு அவலை அளவாகக் கொடுங்கள், அதுவும் அரிசிதானே. முழுக்கோதுமை ஆட்டா வேண்டாம், அதிலுள்ள எண்ணெய்ப் பசையால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும்.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் என்று கணக்குப் போடுங்கள், ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு 45 லிட்டர். இதற்கு மேல் சேர்க்க வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இடமும் இல்லை.

பாம் ஷெல்டரைச் சாமான் அறையாகப் பயன்படுத்தலாம், தடையில்லை. அறிவிப்பு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காலி செய்ய முடியவேண்டும், காற்றுத் துளைகளை மறைக்கக்கூடாது. அரிசியைத் தரையில் வைக்காமல் பலகை போட்டு, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். உபரி கேஸ் சிலிண்டரை மட்டும் உள்ளே வைக்காதீர்கள். அப்புறம், டப்பா நிறைந்துவிட்டது என்று மிச்ச மூட்டையை நடைபாதையில் வைத்தால் நகர மன்றத்திலிருந்து கடிதம் வரும்.