குடோனில் கிடக்கும் டெர்மினல்

வணக்கங்க ஐயா,

பழைய கம்ப்யூட்டர்களைப் பற்றியும் அவற்றை இயக்கிய யூனிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் பற்றியும் அடிக்கடி ஏக்கத்தோடு எழுதுகிறீர்கள். எனக்கு வயது 24. திருப்பூரில் மாமாவின் பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். என் போனுக்குப் பக்கத்தில் வைக்க முடியாத அந்த மெஷின்களில் அப்படி என்னங்க இருந்தது? உங்கள் இளமையைத்தான் அவற்றில் தேடுகிறீர்களோ என்று தோன்றுகிறது. கேட்கக் காரணம், எங்கள் குடோனைச் சுத்தம் செய்தபோது பச்சை எழுத்து டெர்மினல் ஒன்று கிடைத்தது. மாமா பழைய இரும்புக்கடைக்குப் போடச் சொல்கிறார். போட்டுவிடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

போட வேண்டாம். மாமாவிடம் ஒரு மாதம் தவணை கேளுங்கள்.

1991-ல் கோவையில் ஒரு நூற்பாலையின் சம்பளப் பிரிவில் சேர்ந்தபோது எனக்கு உங்கள் வயதுதான். இன்டெல் 386 சிப் போட்ட ஒரு மெஷின், 8 எம்பி நினைவகம், எஸ்சிஓ யூனிக்ஸ். அதிலிருந்து சீரியல் கேபிளில் ஆறு டெர்மினல்கள். கணக்கெல்லாம் 386 போடும். டெர்மினல் என்பது திரையும் கீபோர்டும்தான், நாம் அடிப்பதை அனுப்பும், வருவதைக் காட்டும். செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போவோம். அப்படியும் பஞ்சு வந்துவிடும், ஃபிளாப்பி டிரைவை வாராவாரம் துடைக்க வேண்டும். கரண்ட் போய் யுபிஎஸ் கத்தினால் ஓடிப்போய் 'சிங்க்' என்று மூன்று முறை அடிப்போம். நினைவகத்தில் நிற்பதை டிஸ்க்கில் எழுதச் சொல்லும் கட்டளை அது. ஒரு சனிக்கிழமை, சம்பள நாளன்று, யுபிஎஸ் பேட்டரியே கைவிட்டது. டிஸ்க்கைச் சரிபார்த்து முடிக்கும் வரை ஷிஃப்ட் முடிந்தவர்கள் வாசலில் வெயிலில் நின்றார்கள். அந்த நாட்களுக்கு நான் ஏங்கவில்லை.

நான் ஏங்குவது, ஒரு சிஸ்டத்தை ஒரே ஆள் முழுசாகத் தெரிந்துகொள்ள முடிந்ததற்கு. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் 1969-ல் பிடிபி-7 என்ற சின்ன மெஷினில் யூனிக்ஸைத் தொடங்கினார். டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்க, 1973-ல் கெர்னல், அதாவது சிஸ்டத்தின் மையப் பகுதி, அந்த மொழியில் மாற்றி எழுதப்பட்டது. ஆறாம் பதிப்பின் கெர்னல் பத்தாயிரம் வரிக்குள் அடங்கியது. சிட்னியில் பேராசிரியர் ஜான் லயன்ஸ் அதற்கு மாணவர்களுக்காக வரிவரியாக உரை எழுதினார். அடுத்த பதிப்பின் லைசென்ஸ் யூனிக்ஸின் மூல நிரலை வகுப்பில் நடத்தக் கூடாது என்றது. உரை ஜெராக்ஸாகக் கைமாறிக்கொண்டே இருந்தது. பாடம் நடத்த வேறு வழியில்லாமல்தான் 1987-ல் பேராசிரியர் டேனன்பாம் யூனிக்ஸ் போலவே மினிக்ஸ் என்ற சின்ன சிஸ்டத்தை எழுதினார். மினிக்ஸில் பழகிய ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தன் 386-ல் சொந்தமாக ஒரு கெர்னல் எழுதினார். நான் மில்லில் உட்கார்ந்திருந்த அதே வருடம். உங்களுடையது ஆண்ட்ராய்டு போன் என்றால் உள்ளே ஓடுவது அந்த லினக்ஸ்தான்.

திருப்பூர்க்காரருக்கு யூனிக்ஸைச் சொல்லிக்கொடுப்பது சுலபம். நூல் நிட்டிங்குக்குப் போகிறது. துணி சாயப்பட்டறைக்கு, அங்கிருந்து காம்பேக்டிங், அப்புறம் கட்டிங், பவர்டேபிள், செக்கிங், அயர்னிங். நிட்டிங்காரருக்குச் சாயம் போடத் தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் தன் வேலையைச் சுத்தமாக முடித்து அடுத்தவருக்கு அனுப்பினால் போதும். யூனிக்ஸில் துணிக்குப் பதில் எழுத்து வரிகள். கிரெப் தேடி எடுக்கும், சார்ட் வரிசைப்படுத்தும், டபிள்யூசி எண்ணும். ஒன்றின் சரக்கு அடுத்ததற்குப் போக நடுவே ஒரு செங்குத்துக் கோடு, அதுதான் பைப். பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் பல வருடம் வலியுறுத்தி வந்ததை 1973-ல் தாம்சன் ஒரே ராத்திரியில் செய்துகொடுத்தார். நேற்று ராத்திரி ஷிஃப்ட்டுக்கு ஸ்பின்னிங்கில் எத்தனை பேர் வரவில்லை என்று மேனேஜர் கேட்பார். முதல் தடவை இரண்டு கிரெப்பையும் ஒரு டபிள்யூசியையும் பைப்பில் கோத்து, அவர் உட்காருவதற்குள் பதில் சொன்னேன். எனக்கு உடம்பு சிலிர்த்தது. யாரோ எழுதிவைத்த சின்னச் சின்னக் கருவிகளைக் கோத்து, அவர்கள் நினைத்தே பார்க்காத வேலையைச் செய்திருக்கிறேன்!

கட்டளைகளின் பெயர்கள் ஏன் எல்எஸ், சிபி, எம்வி என்று இரண்டெழுத்தில் இருக்கின்றன தெரியுமா? அன்று பயன்படுத்திய டெலிடைப் மெஷின் நொடிக்குப் பத்தெழுத்துதான் அச்சடிக்கும், விசைகளை அழுத்தி அடிக்க வேண்டும். அந்த விரல்களின் சிரமம் இன்னும் உங்கள் போனுக்குள் இருக்கிறது.

சரி, டெர்மினலுக்கு வருவோம். பின்மூடியைக் கழற்றாதீர்கள், பிக்சர் டியூப்பில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். ஒரு யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர் வாங்குங்கள். கூடவே நல்-மோடம் கேபிள், அதாவது அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் மாறியிருக்கும் கேபிள். ஏதாவதொரு பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, அந்த போர்ட்டில் லாகின் கேட்கும் கெட்டி என்ற புரோகிராமை 9600 வேகத்தில் ஓடவிடுங்கள். டெர்மினல் செட்டிங்கிலும் அதே 9600 இருக்க வேண்டும். லாகின் என்று பச்சையில் வந்ததும் உள்ளே போய் 'ஹூ' என்று அடியுங்கள். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் டிடிஒய் என்று தொடங்கும் ஒரு சொல் தெரியும். டெலிடைப்பின் சுருக்கம் அது.

திரை இருட்டாகவே இருந்தால் எழுதுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வருகிறேன்.