பூங்காவை வாகன நிறுத்தமாக்கலாமா?

கேள்வி: எங்கள் குடியிருப்புப் பகுதியில் தெருக்களின் இருபுறமும் எந்நேரமும் கார்கள் நிற்கின்றன. பிரதான சாலையின் நெரிசலுக்குத் தப்பி வரும் வாகனங்கள் வேறு, இவற்றுக்கு நடுவே புகுந்து செல்கின்றன. பூங்காவில் ஒரு பகுதியை வாகன நிறுத்தமாக்க வேண்டும் என்கிறார்கள் சங்கத்தில் சிலர். இது தீர்வாகுமா?

பதில்: பூங்காவில் கைவைக்கும் முன் எண்ணிப் பாருங்கள். சில வாரங்களுக்கு வேலைநாட்களில் முற்பகலிலும் நள்ளிரவிலும் தெருவில் நிற்கும் வண்டிகளின் பதிவெண்களைக் குறித்து ஒப்பிட்டால், பகலில் மட்டும் நிற்பவை பெரும்பாலும் வெளியாருடையவை என்பதும், இரவில் மட்டும் நிற்பவை குடியிருப்போருடையவை என்பதும், இரண்டு பட்டியலிலும் வாரக்கணக்கில் இடம்பெறுபவை தூசி படிந்து கிடக்கும் வண்டிகள் என்பதும் தெரியவரும். மூன்றுக்கும் மருந்து வேறு.

வெளியார் வண்டிகளுக்கு நேர வரம்போ கட்டணமோ போதும். தெருவோரத்தில் ஏறத்தாழ 15 விழுக்காடு இடம் எப்போதும் காலியாக இருக்கும் அளவுக்குக் கட்டணம் அமைய வேண்டும் என்பது அமெரிக்கப் பொருளியலறிஞர் டொனால்ட் ஷூப்பின் பரிந்துரை. அப்போதுதான் இடம் தேடிச் சுற்றும் வண்டிகள் குறையும். குடியிருப்போர் வண்டிகள்தாம் கடினமானவை. வீட்டிலுள்ள கார் கொட்டகையில் பழைய சாமான்களை அடைத்துவிட்டுக் காரைத் தெருவில் விடுபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஜப்பானில் 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கார் வாங்குபவர் அதை நிறுத்தத் தமக்கு இடம் இருப்பதைப் பொதுவாக முன்கூட்டியே காட்டியாக வேண்டும். அவ்வளவு கண்டிப்பு உங்கள் சங்கத்தால் இயலாது. ஆனால் வீட்டுக்கு இத்தனை அனுமதிச் சீட்டு என்று வரையறுக்க உள்ளாட்சி நிர்வாகத்திடம் கேட்கலாம்.

எப்படியானாலும் 7 மீட்டர் அகலத் தெருவில் இருபுறமும் 2 மீட்டர் வீதம் கார்கள் நின்றால் எஞ்சுவது 3 மீட்டர்தான். தீயணைப்பு வண்டியின் அகலமே ஏறத்தாழ 2.5 மீட்டர் என்பதால், அதன் கதவைத் திறந்து ஆள் இறங்கக்கூட இடமிராது. ஆகவே ஒரு பக்கத்தையும் தெருமுனைகளையும் காலியாக வைப்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: புகுந்து செல்லும் வாகனங்களைத் தடுக்க வேகத்தடைகளோ ஒருவழிப்பாதையோ போதாதா?

பதில்: வேகத்தடை வேகத்தைக் குறைக்குமே தவிர, குறுக்குவழியை அடைக்காது. ஒருவழிப்பாதையிலோ, எதிரே வண்டி வராது என்ற துணிவில் சிலர் இன்னும் விரைவார்கள். தெருவின் நடுவே கழற்றக்கூடிய தூண்களை நிறுத்தி, நடப்பவர்களும் மிதிவண்டிகளும் மட்டும் கடக்குமாறு செய்தால், எல்லா வீடுகளுக்கும் ஏதேனும் ஒரு பக்கமாகக் கார் வரும். ஊடே கடந்து செல்ல மட்டும் வழியிராது. தூண்களின் சாவி தீயணைப்புத் துறையிடமும் இருக்க வேண்டும். ஒரே தெருவில் இதைச் செய்தால் தொல்லை அடுத்த தெருவுக்குப் போய்விடும் என்பதால், பகுதி முழுவதற்கும் சேர்த்தே திட்டமிடுங்கள். முதலில் சில மாதங்களுக்குக் கனமான பூந்தொட்டிகளை வைத்து, அக்கம்பக்கத் தெருக்களின் போக்குவரத்தை எண்ணிப் பார்த்த பின் தூண்களை நடலாம்.