ஃபோகஸ் ஏன் அலைகிறது?

வணக்கம் அண்ணா,
இங்கே மொரீஷியஸில், கோர் தெ கார்ட் மலையடி முருகன் கோயிலில் தைப்பூசக் காவடியைப் படமெடுத்தேன். மாமா கொடுத்த பழைய டிஎஸ்எல்ஆர். வியூஃபைண்டரில் கண்ணை வைத்து எடுத்தால் ஃபோகஸ் சட்டென்று நிற்கிறது. பின்திரையைப் பார்த்து எடுத்தால் லென்ஸ் முன்னும் பின்னும் அலைகிறது, அதற்குள் காவடி போய்விடுகிறது. இரண்டுக்கும் ஒரே மோட்டார்தானே?
ஒரு வாசகி, கத்ர் போர்ன்

அன்புள்ள தங்கைக்கு,

மோட்டாரைத் திட்டாதீர்கள். எந்தப் பக்கம் சுற்றுவது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கட்டைவிரலை நீட்டி, கண்களை மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறும். வியூஃபைண்டர் வழியாக எடுக்கும்போது கேமராவும் இதைத்தான் செய்கிறது. உள்ளே சாய்ந்திருக்கும் கண்ணாடி, நடுவில் கொஞ்சம் ஒளியைக் கசிய விடும். அதன் முதுகில் ஒளிந்திருக்கும் குட்டிக் கண்ணாடி அந்த ஒளியை அடிப்பகுதியில் உள்ள, ஒளியை உணரும் ஒரு தனி சென்சாருக்குத் தள்ளும். லென்ஸின் இரண்டு ஓரங்கள் வழியாக வந்த ஒளி அங்கே இரண்டு பிம்பமாக விழுகிறது. அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளியை வைத்தே எந்தப் பக்கம், எவ்வளவு நகர வேண்டும் என்று தெரிந்துவிடும்.

திரையில் பார்க்கும்போது கண்ணாடி மேலே மடங்கிவிடுகிறது, அந்த சென்சாருக்கு ஒளியே போகாது. அப்புறம் கேமரா என்ன செய்யும்? பழைய ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பதுபோல, படம் துலங்கும்வரை திருகி, தாண்டிப் போய், திரும்பி வரும்.

மோட்டாரிலும் விஷயம் உண்டு. 1985இல் வந்த மினோல்டா 7000இல் மோட்டார் கேமராவுக்குள் இருந்து லென்ஸைத் திருகியது. 1987இல் கேனான் இஓஎஸ் அதை லென்ஸுக்குள்ளேயே வைத்தது, அந்தந்த லென்ஸுக்கு ஏற்ற மோட்டார். திரைப் பிரச்சினைக்கு 2013இல் கேனான் 70டி ஒரு வழி காட்டியது: படம் பதியும் பிரதான சென்சாரின் ஒவ்வொரு பிக்சலையும் இரண்டாகப் பிளந்தார்கள், இடக்கண் வலக்கண் மாதிரி. உங்களுடையது அதற்கு முந்தையது போலிருக்கிறது.

ஒரு முறை கன்னத்தில் அலகு குத்தியவரை எடுக்கப் போய் நானும் திண்டாடினேன். வியூஃபைண்டரில் தெரியும் ஃபோகஸ் புள்ளிகளில் ஓரத்தில் உள்ள ஒன்றைச் சரியாக அலகின் மேல்தான் வைத்தேன், பிடிக்கவே இல்லை. பல கேமராக்களில் ஓரப் புள்ளிகளுக்கு ஒரு திசைக் கோடுதான் தெரியும், அலகோ வேறு திசையில் கிடக்கிறது! கேமராவைக் கொஞ்சம் சாய்த்தேன், உடனே பிடித்தது. நடுப்புள்ளிக்குப் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை.

சரி, அடுத்த காவடிக்கு வியூஃபைண்டரையே நம்புங்கள். புள்ளியை வெறும் வேட்டியின் மேல் மட்டும் வைக்காதீர்கள். கோடே இல்லாத துணியில் எந்த சென்சாருக்கும் பிடி கிடைக்காது. கரை இருந்தால் பரவாயில்லை.